கூட்டுக்கு ஒரு மின்டன் பாத்திரம்

பழைய ஆங்கிலேயப் பீங்கான் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் கோப்பையும் சாஸரும்தான் சேர்க்கிறார்கள். அழகான பொருள், அதிக இடம் அடைக்காது, பரிசாகக் கொடுக்கவும் வசதி. எனக்கு ஏனோ அதில் பிடிப்பு வரவில்லை. நான் தேடிப் போவதெல்லாம் பரிமாறும் பாத்திரங்களை. மூடி போட்ட காய்கறிப் பாத்திரம், நீள்வட்டத் தட்டு, சாஸ் டியூரீன் (சாஸ் ஊற்றி வைக்கும் மூடிக் கிண்ணம்), மஃபின் டிஷ், நீளமான சாண்ட்விச் தட்டு, இப்படி. அதிலும் போன் சைனாவில், அதாவது எலும்புச் சாம்பல் கலந்த மெல்லிய பீங்கானில் செய்தவை. வீட்டில் நாலு பேர் சாப்பிட உட்கார்ந்தால் எங்கள் கூட்டும் பொரியலும் அவற்றில்தான் மேசைக்கு வருகின்றன.

நாங்கள் குடியிருப்பது இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில். டன்ஸ்டல், பர்ஸ்லம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்ற ஆறு ஊர்கள் 1910ல் ஒன்றாகச் சேர்ந்து உண்டான ஊர் இது. நிலக்கரியும் களிமண்ணும் ஒரே இடத்தில் கிடைத்ததால் சூளைகள் இங்கே பெருகின. பாட்டில் மாதிரி வயிறு பெருத்துக் கழுத்து குறுகிய செங்கல் சூளைகள் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. இப்போது மிஞ்சியிருப்பவை ஐம்பதுகூடத் தேறாது. ஆனால் அந்தத் தொழிலின் நினைவு ஊர்க்காரர்களின் கையில் இன்னும் இருக்கிறது. எந்த ஊர் ஓட்டலில் உட்கார்ந்தாலும் சாப்பாடு வருவதற்குள் தட்டைத் திருப்பி, அடியில் யாருடைய முத்திரை என்று பார்த்துவிடுவார்கள். நான் வந்த புதிதில் ஒரு கல்யாண விருந்தில் மேசை முழுக்கத் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்து என்னவோ ஏதோ என்று நினைத்தேன். இப்போது என் பிள்ளைகளும் அதையே செய்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

பெரிய பாத்திரங்கள் மேல் எனக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், போன் சைனாவில் அவற்றைச் செய்வது அத்தனை கஷ்டம். மண் கலவையில் பாதி எலும்புச் சாம்பல், கால் பங்கு வெண்களிமண், கால் பங்கு கார்ன்வால் கல். எலும்புச் சாம்பலைச் சேர்த்துப் பார்ப்பது 1740களிலேயே லண்டனில் போ என்ற இடத்தில் தொடங்கிவிட்டது. ஆனால் இன்றைக்கு நாம் போன் சைனா என்று சொல்கிற கலவைக்கு 1790களில் உருவம் கொடுத்தது இந்த ஊர் ஸ்போடு குடும்பம். அப்பா ஜோசயா ஸ்போடு சோதித்துப் பார்த்தார், அதே பெயர் கொண்ட மகன் அதைச் சந்தைக்குக் கொண்டுபோனார். இந்த மண்ணில் பிசுபிசுப்பு குறைவு, வனைவதே சிரமம். முதல் சூடு ஏறக்குறைய 1250 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் மண் இளகும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கவும் செய்யும். சின்னக் கோப்பை அதைத் தாங்கிவிடும். பதினைந்து அங்குல நீள்வட்டத் தட்டு எங்கே தாங்கும்? ஓரம் தொய்ந்துவிடும், நடுவில் தொப்பை விழுந்துவிடும். கழித்துப்போட்டது போகத் தேறியதுதான் கடைக்கு வரும். அதனால்தான் அந்தக் காலத்து விலைப்பட்டியல்களில் பெரிய தட்டுக்கும் மூடிப் பாத்திரத்துக்கும் அப்படியொரு விலை.

தொய்யாமல் இருக்கத் தட்டுகளைப் பொடியில் புதைத்து வைத்துச் சுடுவார்கள். அந்தப் பொடி பல காலம் சிக்கிமுக்கிக் கல்லை அரைத்த மாவு. சுட்டு எடுத்த பிறகு அதைத் தட்டிலிருந்து துடைத்துத் துலக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. அந்தத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்து செத்துப்போனவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். பின்னால்தான் அலுமினாப் பொடிக்கு மாறினார்கள். லாங்டனில் இருக்கும் கிளாட்ஸ்டன் பாட்டரி மியூசியத்துக்குப் போனால் இந்த வேலைகள் நடந்த இடங்களை நேரிலேயே பார்க்கலாம். முதல் உலகப் போருக்கு முந்திய தட்டு ஒன்று கையில் வந்தால், அதைத் துலக்கி அனுப்பிய பெண்ணின் நினைப்பு எனக்கு வந்தே தீரும்.

பக்கத்து வீட்டு அம்மா லாங்டனில் ஒரு தொழிற்சாலையில் தங்க ரேகை எழுதும் வேலை செய்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. என்னை "டக்" என்றுதான் கூப்பிடுவார், இந்த ஊரில் அன்பாகப் பேசுகிற எல்லோரும் அப்படித்தான். நான் எது வாங்கிவந்தாலும் அவரிடம் காட்டாமல் அலமாரியில் வைக்கமாட்டேன். தங்கத்தில் இரண்டு வகை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர். ஒன்று சூளையிலிருந்து வரும்போதே பளபளவென்று வரும், சீக்கிரம் தேய்ந்துபோகும். இன்னொன்று மங்கலாக வெளியே வரும், அதை அகேட் கல் போன்றவற்றால் தேய்த்துத் தேய்த்துத்தான் பளபளப்பு ஏற்ற வேண்டும். அந்தத் தங்கத்துக்கு ஒரு மென்மையான மினுமினுப்பு உண்டு, ஆயுளும் அதிகம். தட்டைச் சுழலும் சக்கரத்தில் வைத்து, தூரிகையைப் பிடித்த கையை அசைக்காமல், ஒரே சுற்றில் ரேகையை முடிக்க வேண்டுமாம். ஒரு முறை என் மூடிப் பாத்திரத்தின் குமிழில் இருந்த தங்கத்தைப் பார்த்துவிட்டு, "இதை எழுதினவளுக்கு இடது கை" என்றார். எதை வைத்துச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருள் இப்போது, நன்கொடையாக வந்த பழைய பொருட்களை விற்கும் சாரிட்டி கடையில் எட்டுப் பவுண்டுக்கும் பத்துப் பவுண்டுக்கும் எப்படிக் கிடைக்கிறது? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, 1942லிருந்து, பூப்போட்ட பீங்கானை உள்நாட்டில் விற்கக் கூடாது என்று தடை வந்தது. வண்ணமும் தங்கமும் ஏற்றுமதிக்கு மட்டும், இங்கிலாந்து வீடுகளுக்கு வெறும் வெள்ளைதான். அந்தத் தடை நீங்க 1952 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டவர்கள் வண்ணத்துக்கு எவ்வளவு ஏங்கியிருப்பார்கள்! 1962ல் ராயல் ஆல்பர்ட் நிறுவனத்துக்காக ஹாரல்ட் ஹோல்ட்கிராஃப்ட் வரைந்த 'ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்' அப்படி விற்றதில் ஆச்சரியமே இல்லை. கல்யாணத்துக்கு ஒரு பேட்டர்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறந்தநாளுக்கு இரண்டு தட்டு, கிறிஸ்துமஸுக்கு ஒரு கிரேவி போட் (கிரேவி ஊற்றும் கிண்ணம்) என்று வருஷக்கணக்கில் சேர்த்தார்கள். விலை கூடிய மூடிப் பாத்திரம் கடைசியாகத்தான் வரும். வந்த பிறகு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் யாரும் அதை வெளியே எடுக்கமாட்டார்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டியது மைக்ரோவேவிலும் பாத்திரம் கழுவும் மெஷினிலும் வைக்கக்கூடிய தட்டு. தங்க விளிம்புக்கு இரண்டுமே ஆகாது. மைக்ரோவேவில் பொறி பறக்கும், மெஷினில் தங்கம் தேயும். அதனால் பெட்டியோடு கடைக்கு வந்துவிடுகிறது. நான் வாங்கும் மூடிப் பாத்திரங்கள் பலவற்றில் உள்ளே ஒரு கரண்டிக் கீறல்கூட இருக்காது. அறுபது வருஷமாக ஒருவரும் அதில் சாப்பாடு வைக்கவே இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்தால் எனக்கு உடனே சமைக்க வேண்டும் போல இருக்கும்.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது வெளிச்சம். போன் சைனாவை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால், பின்னால் வைத்த விரல்களின் நிழல் தெரியும். தெரியாவிட்டால் அது எலும்பு கலக்காத மண்பீங்கானாகவோ, அதிலேயே கெட்டி வகையான அயர்ன்ஸ்டோனாகவோ இருக்கலாம். அவையும் நல்ல பொருட்கள்தான், விலை மட்டும் வேறு. அப்புறம் விரல் நகத்தால் மெல்லச் சுண்டுவேன். மணி மாதிரி ஒலி நீண்டு வர வேண்டும். சட்டென்று செத்துவிட்டால் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. பெரிய பாத்திரத்தை மேசையில் வைத்துச் சுண்டக் கூடாது, உள்ளங்கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். பையில் ஒரு சின்ன அல்ட்ரா வயலட் டார்ச்சும் வைத்திருப்பேன். உடைந்ததை ஒட்டி மேலே வண்ணம் பூசி மறைத்திருந்தால் பூசிய இடம் மட்டும் வேறு நிறத்தில் ஒளிரும். விலை அதிகமான ஏலங்களில் இது ரொம்ப உதவி.

அடி முத்திரை தனிச் சுகம். 'இங்கிலாந்து' என்ற பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று அந்த வருஷம் சட்டம் அமலுக்கு வந்தது. 'போன் சைனா' என்றே எழுதியிருந்தால் இருபதாம் நூற்றாண்டு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். ராயல் கிரவுன் டெர்பி நிறுவனத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். 1938லிருந்து அவர்கள் முத்திரையோடு ரோமன் எண்ணில் வருஷத்தைக் குறித்தார்கள். 1938 என்றால் ஒன்று. என்னிடம் இருக்கும் நீலமும் செம்மண் நிறமும் தங்கமும் கலந்த இமாரி பாணி கேக் தட்டில் முப்பது என்று இருக்கிறது, அதாவது 1967. ஒரு தட்டு எந்த வருஷம் பிறந்தது என்று தெரிந்துகொண்டு அதில் வடை அடுக்குவது எனக்குத் தனிச் சந்தோஷம்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராயல் வூஸ்டர் நிறுவனத்தின் 'ஈவ்ஷம்', பழங்கள் வரைந்து தங்க விளிம்பு வைத்தது, எல்லா சாரிட்டி கடையிலும் கிடைக்கும். பலர் அதைப் போன் சைனா என்று நினைத்து வாங்குகிறார்கள். அது அடுப்பிலிருந்து நேராக மேசைக்கு வருவதற்காகச் செய்த கெட்டிப் போர்சலின். ஓவனில் வைக்கலாம். பழைய போன் சைனாவை ஓவனில் வைக்கவே கூடாது.

இனி எதில் எதைப் பரிமாறுகிறேன் என்று சொல்கிறேன், என் தோழிகள் அதிகம் கேட்பது இதைத்தான்.

மஃபின் டிஷ் என்பது ஒரு வட்டத் தட்டும் அதன் மேல் குடை மாதிரி உயர்ந்த மூடியும். தணலில் வாட்டிய மஃபின் என்ற தட்டை ரொட்டி ஆறாமல் மேசைக்கு வருவதற்காகச் செய்தது. இட்லிக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. அடியில் ஈரம் உறிஞ்ச ஒரு மெல்லிய துணியை மடித்துப் போட்டு, மேலே எட்டு இட்லி வைத்து மூடினால், எல்லோரும் சட்னியைத் தொடும் வரை சூடு நிற்கும். ஷெல்லி நிறுவனம் செய்த கொஞ்சம் பழைய மஃபின் டிஷ் ஒன்று வைத்திருக்கிறேன், சுவர் அத்தனை மெல்லிசு. மூடியைத் தூக்கினால் கையில் கனமே தெரியாது.

மூடி போட்ட காய்கறிப் பாத்திரத்தில் கூட்டு. பழைய பெரிய வீடுகளில் சமையலறை ஒரு கோடி, சாப்பாட்டு அறை இன்னொரு கோடி. நடுவே குளிர்ந்த நடைவழி. அதனால்தான் காய்கறிக்கு மூடி. எங்கள் ஊர் இருக்கும் வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷரின் ஜனவரி மாதத்தில் எங்கள் சின்ன வீட்டிலும் அந்த மூடிக்கு வேலை இருக்கிறது. கூட்டு கெட்டியாக இருப்பதால் பாத்திரத்தின் உள்வளைவில் அழகாக உட்காரும். சாஸ் டியூரீனில் நெய், சாண்ட்விச் தட்டில் பஜ்ஜி, நீள்வட்டத் தட்டில் தேங்காய்ச் சாதம். தேங்காய்ச் சாதத்தின் வெள்ளையும் வறுத்த முந்திரியும் தங்க விளிம்புக்குள் இருக்கிற அழகைப் பார்த்தவர்கள் யாரும் முதலில் கரண்டியை வைக்கத் தயங்குவார்கள்.

புளிப்பு மட்டும் கூடாது. பழைய மெருகிலும் (பீங்கான் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு), மெருகின் மேல் தீட்டிய வண்ணங்களிலும் ஈயம் இருக்கலாம். புளிப்பு அதை இளக்கி எடுக்கும். கண்ணால் பார்த்து எது பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. ஆகவே ரசம், வற்றல் குழம்பு, எலுமிச்சை சாதம், தயிர்ப் பச்சடி, ஊறுகாய் எதையும் பழைய பாத்திரத்தில் ஊற்றுவதில்லை. புளிக்காத சாப்பாட்டைக்கூட மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறுவதோடு சரி, மிச்சத்தை அதிலேயே வைத்து ஃபிரிட்ஜில் தள்ளுவதில்லை. உள்பக்கம் பூ வரைந்த கிண்ணம் என்றால் உலர்ந்த பண்டம் மட்டும். சின்னக் குழந்தைகள் சாப்பிடும் தட்டாக எதையும் கொடுப்பதில்லை. இந்த விஷயத்தில் நான் கண்டிப்பு. சேர்ப்பவர்கள் பலர் இதைப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள், அது சரியில்லை.

மஞ்சளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மெருகு முழுசாக இருக்கும் போன் சைனாவில் மஞ்சள் ஏறாது. மெருகில் வலை மாதிரி மெல்லிய கோடுகள் விழுந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ அந்தக் கோட்டில் ஏறும். அப்படிப்பட்ட பாத்திரத்தைச் சாப்பாட்டுக்கே எடுக்கக் கூடாது, பூ வைக்கலாம். மூடியின் உள்விளிம்பில் லேசாகக் கறை தங்கினால் வெயிலில் வைத்தாலே பாதி போய்விடும், இந்த ஊரில் வெயில் கிடைக்கும் நாளில். பிளீச் மட்டும் ஊற்றாதீர்கள், தங்கத்தைக் கெடுத்துவிடும். குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்த பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கக் கூட்டை ஊற்றாமல், முதலில் வெதுவெதுப்பான தண்ணீரைச் சுழற்றி ஊற்றிவிடுவேன். எவர்சில்வர் கரண்டி மெருகின் மேல் சாம்பல் நிறக் கோடு போடும் என்பதால் மரக் கரண்டி. கரண்டியில் ஒட்டியதை விளிம்பில் "டங்" என்று தட்டி உதறும் நம் பழக்கம் ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் என் கணவரிடம் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட யோசிக்க வைத்த கேள்வி அத்தையிடமிருந்து வந்தது. என் மாமியார் கும்பகோணத்தில் இருக்கிறார், சுத்த சைவம். ஒரு கோடையில் எங்களோடு வந்து தங்கியபோது அலமாரியைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கும்மா. ஆனா இதுல எலும்பு கலந்திருக்காமே, நிஜமா?" என்று கேட்டார். நிஜம்தான் அத்தை, மாட்டு எலும்பு, ஆயிரம் டிகிரியில் எரித்துச் சாம்பலாக்கிக் கலப்பார்கள் என்று சொன்னேன். மறைப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. அவர் முகம் சுளிக்கவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. "நீங்க சாப்பிடுங்கோ. எனக்கு எவர்சில்வர் தட்டு போதும்" என்றார். அந்தச் சூட்டில் உயிர்ப்பொருள் ஒன்றும் மிஞ்சாது, கால்சியம் பாஸ்பேட் மட்டும்தான் என்று நான் வாதாடியிருக்கலாம். ஆனால் அவருடைய கேள்வி ரசாயனத்தைப் பற்றியது இல்லையே. தன் நாக்குக்காக இன்னொரு உயிரைத் தொடாமல் எழுபது வருஷம் வாழ்ந்த மனுஷி அவர்.

அதே சமயம் மேசையில் எல்லோருக்கும் பூப்போட்ட பாத்திரம், அவருக்கு மட்டும் ஓரமாக ஒரு எவர்சில்வர் தட்டு என்பதும் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் வழி சொன்னார். எலும்பு கலக்காத மண்பீங்கானில் இந்த ஊர் செய்ததெல்லாம் சாதாரணப் பொருளா என்ன? ஸ்போடின் 'ப்ளூ இத்தாலியன்' 1816லிருந்து வருகிறது, இன்றைக்கும் ஸ்டோக்கிலேயே செய்கிறார்கள். நீலச் சித்திரம் மெருகுக்கு அடியில் இருப்பதால் புளிப்பு நேராக அதைத் தொடாது. நான் வாங்கியது இப்போது செய்த புதுக் கிண்ணங்கள் என்பதால் ஈயக் கவலையும் இல்லை. ஆக, புளிப்புக்கும் அத்தைக்கும் ஒரே விடை கிடைத்துவிட்டது. இப்போது எங்கள் மேசையில் ரசமும் வற்றல் குழம்பும் நீலக் கிண்ணத்தில் வரும். அத்தை வந்திருக்கும் நாட்களில் சாதம், பொரியல், பாயசம் எல்லாமே நீலத்தில்தான், எங்களுக்கும் சேர்த்து. அவர் ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தைப் புடவைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டுபோனார். கும்பகோணத்தில் அதில் தினமும் பூ பறித்து வைக்கிறாராம்.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது ஒரு மூடி. இந்த ஊர் மின்டன் நிறுவனத்தின் 'ஹாடன் ஹால்', 1948ல் ஜான் வாட்ஸ்வொர்த் வரைந்த பேட்டர்ன், பாத்திரம் முழுக்கப் பூ. போன மாதம், பழைய பொருட்களைக் காரின் டிக்கியில் வைத்து விற்கும் கார் பூட் சேல் ஒன்றில் அதன் காய்கறிப் பாத்திரம் ஐந்து பவுண்டுக்குக் கிடைத்தது, மூடி இல்லாமல். அதே பேட்டர்ன், அதே அளவு என்று எந்த மூடியையும் வாங்கிவிட முடியாது. ஒவ்வொன்றும் சூளையில் கொஞ்சம் கூடவோ குறையவோ சுருங்கியிருக்கும், உட்கார வைத்தால் ஆடும். அதனால் பாத்திரத்தையே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய் வைத்துப் பார்க்கிறேன். உள்விளிம்பின் அகலம் எட்டே கால் அங்குலம், குமிழ் தங்க நிறம். யாருடைய வீட்டிலாவது அடிப்பாத்திரம் உடைந்து மூடி மட்டும் மிஞ்சியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், தபால் செலவு என்னுடையது.